ஆன்டனி ராஜ் கொடுத்த மீன்கள்

உச்சிப்புளியில் சண்முகவள்ளி வீட்டு முன்னறையில் நாலடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. மீன் தொட்டி என்று பேர்தான், உள்ளே முழுக்கச் செடி. முன்னால் புல் மாதிரி குட்டையாகப் படர்ந்தது, நடுவில் இலை அகன்றது, பின்னால் தண்ணீர் மட்டம் வரை நிமிர்ந்து நின்ற செவப்புத் தண்டுச் செடி. அதற்குள் நுழைந்து நுழைந்து வெளிவரும் இருபது நியான் டெட்ரா மீன்களைப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனிப்பார்கள்.

சண்முகவள்ளிக்கு நாற்பத்தாறு வயது. ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கணவர் தர்மராஜுக்குச் சாயல்குடிப் பக்கம் பள்ளிக்கூட வேலை. சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். மகள் படிப்பதற்காகக் கோயம்புத்தூர் போன வருஷம், வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதே என்று வாங்கிய தொட்டி அது. வாங்கின பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்துத் தண்ணீரில் செடி வளர்ப்பது லேசான காரியமில்லை என்று. குழாய்த் தண்ணீரில் உப்பு. போர் தண்ணீரில் அதைவிட உப்பு. அவள் மாடியில் விழும் மழைத் தண்ணீரைப் பிளாஸ்டிக் டேங்கில் பிடித்து வைத்து, குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, வாராவாரம் அளந்து பார்த்து ஊற்றினாள். முதல் வருஷம் எல்லாம் அழுகியது. இரண்டாம் வருஷம் பிடித்துக்கொண்டது.

அந்தச் செவப்புத் தண்டுச் செடி கடையில் வாங்கியதில்லை. அவள் பிறந்த ஊர் கமுதிக்குப் பக்கத்தில். ஒரு தை மாதம் அங்கே போயிருந்தபோது கண்மாய் ஓரத்தில், முழங்கால் தண்ணீரில் அதைப் பார்த்தாள். ஊரில் பேர் கேட்டால் களை என்றார்கள். ஈரத் துணியில் சுற்றி ஒரு பிடி கொண்டுவந்து நட்டாள். நல்ல வெளிச்சமும் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவும் கிடைத்ததும் அது நிறம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மாதுளைத் தோல் நிறத்துக்கு வந்தது. மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டபோது மதுரையிலிருந்து, திருச்சியிலிருந்து எல்லாம் கேட்டார்கள். அவள் கொடுத்தது ஒரே ஒருவனுக்கு. ஆன்டனி ராஜுக்கு.

ஆன்டனி ராஜ் தங்கச்சிமடத்து மீனவக் குடும்பம். பத்து வருஷத்துக்கு முன்னால் டெங்குவில் விழுந்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தபோது, ஐந்து நாளும் காலையும் மாலையும் அவனுக்குப் பிளேட்லெட் பார்த்தது சண்முகவள்ளிதான். எண்ணிக்கை மளமளவென்று இறங்கின அன்றைக்கு, ரிப்போர்ட் அடிக்கிற வரைக்கும் காத்திருக்காமல் டாக்டருக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோனாள். எழுந்து நடமாடத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு அவள் அக்கா. அதற்குப் பிறகு அம்மா அவனைக் கடலுக்கு விடவில்லை. ராமநாதபுரத்தில் கலர் மீன் கடை போட்டான். முதலில் பிளாஸ்டிக் செடிதான் விற்றுக்கொண்டிருந்தான். நிஜச் செடி வளர்க்கக் கற்றுக்கொடுத்ததும், தன் தொட்டியிலிருந்து வெட்டி வெட்டிக் கொடுத்து அவன் கடைத் தொட்டிகளை நிறைத்ததும் அவள்தான். ரெஜினாவோடு அவனுக்குத் தங்கச்சிமடம் கோயிலில் கல்யாணம் நடந்தபோது, கூடப் பிறந்த அக்காமார் வரிசையில் அவளை உட்கார வைத்தான்.

போன ஆனி மாதம் ராமேஸ்வரத்தில் புதிதாக ஒரு ஓட்டல் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். அதன் மேனேஜர் முத்துகிருஷ்ணன் சர்க்கரை பார்க்க அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்தவர், அவள் போனில் இருந்த தொட்டிப் படத்தைத் தற்செயலாகப் பார்த்தார். வரவேற்பறையில் எட்டடிக்கு ஒரு தொட்டி வைக்கப் போகிறார்கள், அதில் இந்த மாவட்டத்துக் கண்மாய்ச் செடியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பதாகவும், முதலாளிக்குப் படம் எடுத்து அனுப்பி முடிவு செய்துவிடலாம் என்றும் போனில் சொன்னார். அவள் அன்றைக்கே ஆன்டனி ராஜிடம், தனியாக எட்டடித் தொட்டியை என்னால் சமாளிக்க முடியாது, நீயும் சேர்ந்து செய் என்றாள். அவன் சரிக்கா என்றான்.

ஒரு வாரம் கழித்து அவனே பைக்கில் வந்தான். காற்று அடைத்த பிளாஸ்டிக் பையில் பன்னிரண்டு மீன்கள். விரல் நீளம், வெள்ளி உடம்பு, வால் மட்டும் செவப்பு. அதில் ஒன்றுக்கு இடது கண் இல்லை. பிறவியிலேயே அப்படி என்றான். நியான் ரொம்பப் பொடிசு, ஓட்டல்காரர்கள் தொட்டியைப் பார்த்தால் முதலில் மீனைத்தான் தேடுவார்கள், இது கூட்டமாகச் சுற்றி வரும், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று விளக்கினான்.

"ரெட் டெயில் டெட்ரா, அக்கா. உங்க நியானுக்குப் பங்காளிதான்."

சண்முகவள்ளிக்குச் செடிகளைப் பற்றித் தெரிந்த அளவு மீன்களைப் பற்றித் தெரியாது. மீன் விஷயத்தில் அவன் சொல்வதுதான். அதனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"செடிய ஒண்ணும் செய்யாதுல்ல?"

பை தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தபடியே, "உங்க தொட்டிக்கு ஆகாததக் கொண்டாருவனாக்கா?" என்றான்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் செவப்புத் தண்டின் கொழுந்துகள் மொட்டையாக இருந்தன. வேலை முடிந்து வந்து பார்த்தால் தண்ணீர் மேலே இலைத் துணுக்குகள் மிதந்தன. அவள் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டாள். உப்பு பார்த்தாள், காரத்தன்மை பார்த்தாள், எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. ஆன்டனி ராஜுக்குப் போன் போட்டாள். பொட்டாஷ் குறைவாக இருக்கும், உரத்தைக் கூட்டுங்கள் என்றான். கூட்டினாள். தண்டுகள் இன்னும் வேகமாகக் குறைந்தன. சிலிண்டர் வாயு பத்தாது என்றான். அதையும் கூட்டினாள், நியான்களில் நாலு மூச்சு முட்டிச் செத்துப்போனதுதான் மிச்சம்.

ஒருநாள் காலை அந்தப் புது மீன்கள் இலையில் வாய் வைத்துக் கொத்துவதை அவளே பார்த்தாள். அதையும் சொன்னாள். இலை மேல் படிந்த பாசியைத் தின்கிறது அக்கா, நல்லதுதானே என்றான் அவன். அவள் நம்பினாள். கண் முன்னால் நடப்பதை விட்டுவிட்டு அவன் சொன்னதை எப்படி நம்பினோம் என்று பின்னால் அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். நம்பக் கூடாது என்று தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் அவன் வீட்டுக்கு வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். செடிக்கு அழுகல் நோய் வந்திருக்கிறது, அடிபட்டதைப் பிடுங்கி எறியாவிட்டால் பக்கத்தில் பரவும் என்றான். சண்முகவள்ளி முழங்கை வரை கையை விட்டு, இலை போய்க் குச்சி குச்சியாக நின்ற செவப்புத் தண்டுகளை வேரோடு இழுத்தாள். இரண்டு வருஷத்து வேர். மணலைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வாளி நிறைந்தது.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கு நாலு நாள் இருக்கும்போது, மீதி இருந்த செடியும் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டு, இது என்ன நோய் என்று கேட்டாள். குழுவை நடத்துவது ஆன்டனி ராஜ். உடனே, பொட்டாஷ் குறைபாடு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவனே பதில் போட்டான். அதற்கு மேல் அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் கீழக்கரையிலிருந்து ஹமீது சுல்தான் என்பவர் அவளைத் தனியாகப் போனில் கூப்பிட்டார். குழுவில் இருப்பவர்தான், முன்னால் பேசியதில்லை.

"மேடம், அந்தப் படத்துல ஒரு ஒத்தக் கண்ணு மீன் இருக்கே, அது எங்க வாங்குனீங்க?"

சொன்னாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பன்னிரண்டும் அவர் வீட்டில் இருந்த மீன்கள். ரெட் டெயில் என்பது கடைக்காரர்கள் வைத்த பேர், அதன் நிஜப் பேர் புவனோஸ் அயர்ஸ் டெட்ரா. இளசான செடி எது கிடைத்தாலும் மிச்சம் வைக்காது. அவர் தொட்டியை ஒரே மாதத்தில் மொட்டையடித்துவிட்டது. ஆனி மாதம் எல்லாவற்றையும் பிடித்து ஆன்டனி ராஜ் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"குடுக்கும்போதே சொல்லித்தான் குடுத்தேன் மேடம். செடி வச்சிருக்கவங்க யாருக்கும் இதக் குடுத்துறாதீங்கன்னு. அல்லாஹ் அறியச் சொல்றேன். அவருக்குத் தெரியாமப் போயிருக்காது."

சண்முகவள்ளி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அந்த மனிதருக்கு ஆன்டனி ராஜ் மேல் என்ன கோபமோ என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைக்க முடிந்த வரைக்கும் நினைத்தாள். மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு, வேலையில் செய்வது போலவே ஒரு சோதனை செய்தாள். இரண்டு வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்தாள். இரண்டிலும் ஒரே நீளத்தில் இலையுள்ள தண்டுகள் ஐந்தைந்து போட்டாள். ஒன்றில் நாலு மீனைப் பிடித்து விட்டாள். மற்றதில் மீன் இல்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் மீன் இருந்த வாளியில் வெறும் குச்சிகள் மிதந்தன. மற்ற வாளியில் ஒரு இலை கூடக் குறையவில்லை. தொட்டியில் இருந்த மீதி எட்டையும் வலை போட்டுப் பிடித்து, வாளியில் இருந்த நாலோடு சேர்த்து ஒரு பெரிய டிரம்மில் விட்டாள். பிடித்து முடிப்பதற்குள் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. ஈரத்தோடேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்துகிருஷ்ணன் சொன்னபடி வந்தார். வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார் தர்மராஜ். அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வோம் என்றாள். முத்துகிருஷ்ணன் தொட்டிக்கு முன்னால் நின்று, குச்சிகளையும் கலங்கின மணலையும் பார்த்தார். ஒருவேளை வீடு மாறி வந்துவிட்டோமோ என்பது போல அவளையும் பார்த்தார். மீன் தின்றுவிட்டது, திரும்ப வளர இரண்டு மாதமாவது ஆகும், கண்மாய் வறண்டு கிடப்பதால் அங்கே போயும் அந்தச் செடியை இப்போது எடுக்க முடியாது என்று அவள் சொன்னாள். யார் கொடுத்த மீன் என்று சொல்லவில்லை. அவர் காபியைக் குடித்துவிட்டு, திறப்பு விழாவுக்கு இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது மேடம் என்று வருத்தத்தோடு சொல்லிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவள் ஆன்டனி ராஜ் கடையில் இறங்கினாள். கடை திறந்த நேரம். அவன் தனியாக நின்று தொட்டிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். கடைசிச் சுவரோரத்தில், வெயில் விழும் இடத்தில் இரண்டு சிமெண்ட் தொட்டி. இரண்டிலும் அவளுடைய செவப்புத் தண்டு நெருக்கமாக வளர்ந்து தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது. கிள்ளி நட்டு, கிள்ளி நட்டுப் பெருக்கியிருக்கிறான். நேற்றைக்கு வைத்ததில்லை, ஒரு மாதத்து வேலை அது.

"கீழக்கரைக்காரர் பேசுனாரு ஆன்டனி" என்றாள்.

அவன் தீனி டப்பாவை மூடினான். மறுக்கவில்லை. ராமநாதபுரத்துக் கடைகளில் விசாரித்து நேற்று மாலையே முத்துகிருஷ்ணன் தனக்குப் போன் செய்துவிட்டார், நாளைக்கு ஓட்டலுக்கு அளவெடுக்கப் போகிறேன் என்று அவனாகவே சொன்னான்.

"ஏன் செஞ்ச?"

"நீங்க அந்த மேனேஜர்ட்ட போன்ல பேசுனப்ப நான் உங்க வீட்லதான் இருந்தேன். சிலிண்டர் மாட்டிக்கிட்டு இருந்தேன். 'தொட்டிய நான் பாத்துக்கிருவேன் சார், தூக்கி வைக்க, தண்ணி மாத்த நம்மகிட்ட ஒரு பையன் இருக்கான்'னு சொன்னீக." அவன் குரல் ஏறவே இல்லை. "எனக்கு முப்பத்தஞ்சு வயசுக்கா. எட்டு வருஷமா கடை வச்சிருக்கேன். எம்பேரு கூட வாயில வரல ஒங்களுக்கு."

சண்முகவள்ளிக்கு அது நினைவு வந்தது. அப்படித்தான் சொன்னாள். ஒரு நினைப்பும் இல்லாமல் சொன்னது. அந்தச் சொல் அவனுக்குள் போய் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. சொன்னது தப்புத்தான் என்று அவனிடமே சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அந்த இடத்தில் அவளுக்குக் கோபம் தணிந்துவிடும் போலக் கூட இருந்தது. பிறகு வாளியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது.

"அத அன்னைக்கே எங்கிட்டக் கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். மீனக் கொண்டாந்து விட்டதக் கூட விட்டுருதேன். நோயின்னு சொல்லி என் கையாலயே பிடுங்க வச்ச பாரு. அது எதுக்கு?"

அவன் தொட்டிப் பக்கம் போய், செவப்புத் தண்டில் ஒரு கட்டு அறுத்து, ஈரத் தாளில் சுற்றி நீட்டினான். கொண்டுபோய் வைங்கக்கா, திரும்ப வந்துரும் என்றான். அவள் வாங்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பஸ் ஏறினாள். அன்றைக்கு ஊசி குத்தும்போது நரம்பு தவறி, ஒரு பெரியவர் கையில் இரண்டு தடவை குத்த வேண்டியதாகப் போயிற்று.

டிரம்மில் கிடந்த பன்னிரண்டு மீனை என்ன செய்வது என்பது அடுத்த பாடு. ஊருணியில் விட்டுவிடு என்றார் தர்மராஜ். ஊருணியில் விட்டால் அங்கே இருக்கிற செடியையும் அல்லவா தின்னும் என்றாள். அப்படியானால் வறுத்துவிடுவோம் என்று அவர் சொன்னது அவளைச் சிரிக்க வைக்கத்தான். அவள் சிரிக்கவில்லை. "அதுக என்ன செஞ்சுச்சு? அதுக வயித்துக்குத் தின்னுச்சு" என்றாள்.

யாருக்காவது கொடுக்கலாம் என்றால், சொல்லிக் கொடுத்தால் வாங்க ஆளில்லை. சொல்லாமல் கொடுக்க அவளால் முடியாது. கடைசியில் தொட்டியையே அந்த மீன்களுக்கு ஏற்றாற்போல் மாற்றினாள். ஹமீது சுல்தான்தான் வழி சொன்னார். இலை தோல் மாதிரி தடித்து, கசப்பாக இருக்கிற செடிகளை இந்த மீன்கள் தொடாது. அனுபியாஸ் ஒன்று, ஜாவா ஃபெர்ன் ஒன்று. தன்னிடம் இருந்ததைப் பிரித்து, பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பினார். அவற்றை மணலில் நட முடியாது; நட்டால் அழுகும். நூல் போட்டுக் கல்லில் கட்டி வைத்தாள். காலையில் வெந்நீரில் முக்கி எடுத்த அரைக்கீரையோ வெள்ளரித் துண்டோ கம்பியில் குத்தி உள்ளே இறக்கினாள். மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்துப் பத்து நிமிஷத்தில் காலி செய்தன. வயிறு நிறைந்தால் செடிப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. புதிதாக விட்ட இலையை மட்டும் ஒன்றிரண்டு கடித்துப் பார்த்துத் துப்பும். தொட்டி பழைய அழகுக்கு வரவில்லை. கரும்பச்சையாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. ஆனால் நிலைத்தது.

நிலைக்காமல் போனது வேறு. வேலையில், கூட இருக்கிற பெண் எடுத்த அளவை எல்லாம் அவள் இரண்டாம் முறை சரிபார்க்கத் தொடங்கினாள். அந்தப் பெண் முகம் சுண்டிப்போவது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. மகள் போனில் சாப்பிட்டுவிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டாய், எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஏம்மா போலீஸ் மாதிரி விசாரிக்கிற என்று மகள் கேட்டபோதுதான் அவளுக்கே உறைத்தது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளே விலகிக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெஜினா வந்தாள். தனியாக வீட்டுக்குள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். அவள் மேல் சண்முகவள்ளிக்கு ஒரு கோபமும் இல்லை, காபி கொடுத்தாள். ஓட்டல் தொட்டி மூன்று மாதம் நன்றாக இருந்ததாம். இப்போது கண்ணாடி, கல், செடி எல்லாம் பச்சை நூல் மாதிரிப் பாசி பிடித்துத் தண்ணீரே மங்கிவிட்டது. அவர் போடாத மருந்தில்லை. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் தொட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். அவன் செய்த காரியம் முழுதும் அவளுக்குத் தெரியும் போலிருந்தது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சண்முகவள்ளி நாலு கேள்வி கேட்டாள். விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பூட்டும் வரை. வெயில் படுகிறதா? வாசல் கண்ணாடி வழியாக மதியம் வரை. மீனுக்குத் தீனி? வருகிற விருந்தாளிகள் எல்லாரும் போடுகிறார்கள். தண்ணீர் மாற்றியது? மாற்றவில்லை, மருந்துதான் ஊற்றினார். அவ்வளவு போதுமாக இருந்தது. ஒரு தாளை எடுத்து எழுதினாள். விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வாசல் பக்கம் திரை போடு. பாசியைக் குச்சியில் சுற்றி எடு. ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீர் மாற்று, பாதி மழைத் தண்ணீராக இருக்கட்டும். மூன்று நாள் தீனியே வேண்டாம். மருந்தை நிறுத்து. கையெழுத்துப் புரிகிறதா என்று ரெஜினாவிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ரெஜினா தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கி, "அவரும் வந்திருக்காருக்கா. வெளிய நிக்காரு. உள்ள வரச் சொல்லவா?" என்றாள்.

சன்னல் வழியாகப் பார்த்தால் தெரிந்தது. வேப்பமரத்துக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கடைக்குப் போகிறபோது உடுத்துகிற சட்டை இல்லை, கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை. கொஞ்சம் இளைத்திருந்தான். டெங்கு வந்து எழுந்திருந்தபோது இப்படித்தான் இருந்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"வேண்டாம்மா" என்றாள். "தொட்டி சரியாயிரும். அதுல சந்தேகம் இருந்தா நீ போன் போடு, சொல்றேன். அவன் வர வேண்டாம்."

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாரேன்க்கா என்று சொல்லி இறங்கினாள். பைக்கில் ஏறும் முன் தாளை அவனிடம் கொடுத்தாள். அவன் அங்கேயே நின்று முழுதும் படித்தான். ஒருமுறை வீட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். சண்முகவள்ளி சன்னலை விட்டு நகரவில்லை, கையும் காட்டவில்லை. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வண்டி பாம்பன் ரோட்டில் ஏறித் திரும்பியதும் அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்து ரெஜினா போன் போட்டாள். தண்ணீர் தெளிந்துவிட்டது என்றாள். சந்தோஷம் என்றாள் சண்முகவள்ளி. அது உண்மைதான்; செடிகள் பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். ரெஜினா இன்னும் எதையோ சொல்ல வருவது போல இருந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்காமல், உன் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.